கால் எடுத்தாலும் ஓடும் வண்டி

எமில் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டியபோது, பக்கத்துப் பண்ணை ஆர்விட் காபிக் கோப்பையோடு பம்பரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்.

"என்னடா எமில், அடியிலேயே குடித்தனம் வெச்சுட்டியா?"

எமில் முகத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பழைய பிக்கப்பில் க்ரூஸ் கன்ட்ரோல் செத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்தால், வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதுவோ காலை எடுத்ததும் கொட்டாவி விட்டது.

வீட்டுக்கும் கோதுமை வயலுக்கும் ஓட்டுகிற எமிலுக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மனைவி லியோனாவுக்குத்தான் வேண்டும்.

அவளுக்கு வசந்தத்தில்தான் வலது முட்டியை அறுத்து மாற்றியிருந்தார்கள். கொஞ்ச தூரத்துக்கு மேல் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முட்டி வீங்கிவிடும். நாளைக் காலை அவள் மைனாட்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் அவர்கள் இருந்த கோடியிலிருந்து அது அரை நாள் பயணம்.

மாநிலக் கண்காட்சியில் கூக்கன் என்கிற ஜெர்மானிய இனிப்பு ரொட்டிப் போட்டிக்கு லியோனா நடுவர். வருடா வருடம் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றவள், இந்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறாள். அவர்கள் வட்டாரத்துக்கே அது முதல் தடவை.

"என் வண்டியை நானே ஓட்டிட்டுப் போய் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டாள். க்ரூஸ் சரியாகாவிட்டால் ஆர்விட்டின் புதுக் காரில் பின்சீட்டு மூட்டையாகப் போக வேண்டியதுதான்.

எமிலுக்கு அது மானப் பிரச்சினை. இந்த வண்டி எந்த மெக்கானிக் வாசலையும் மிதித்ததில்லை என்று ஊர்க் காபிக்கடையில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர் அவர்.

முதலில் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிரேக் மிதிக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ரோட்டில் ஓட்டிப் பார்த்தார், பலனில்லை. அடியில் படுத்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். லியோனா ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "எனக்குத் தெரியும், விடு" என்று கையமர்த்திவிட்டார்.

கடைசியில் எஞ்சினிலிருந்து க்ரூஸுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் மயிரிழை போல ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. புதையல் கிடைத்தவர் போலக் கத்தினார்.

மாற்று ஹோஸ் ஆர்விட்டின் கொட்டகையில் கிடந்தது. ஆர்விட்டின் காரிலேயே இருவரும் போனார்கள். ஹோஸ் எடுக்கக் கொஞ்ச நேரம், வராத மழையைப் பற்றிப் பேச மிச்ச நேரம்.

திரும்பி வந்து ஹோஸை மாட்டினார். நெடுஞ்சாலையில் ஏற்றிப் பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மேட்டில் ஏறும்போதுகூட வேக முள் அசையவில்லை. எமில் தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

"நீ கை வெச்சா சரியாகாம போகுமா?" என்றாள் லியோனா.

அன்று மாலை காபிக்கடையில் எல்லா மேசைக்கும் ஹோஸ் கதை போய்ச் சேர்ந்தது. சொல்லும் ஒவ்வொரு முறையும் வெடிப்பு கொஞ்சம் நீண்டது.

விடிந்தும் விடியாமலும் லியோனா கிளம்பினாள். ஏறி உட்காரவே சிரமப்பட்டாள். எமில் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அங்கெல்லாம் யாரும் கையசைத்து விடைபெறுவதில்லை. வீட்டு மண்பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் பிரேக்கை இரண்டு தட்டு தட்டுவார்கள். நிற்கிறவர் விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

லியோனா தட்டினாள்.

கீழே இருந்த இரண்டு விளக்கும் பளிச் பளிச்சென்று எரிந்து அணைந்தன. கேபின் கூரைமேல் இருந்த மூன்றாவது விளக்கு மட்டும் மங்கலாக, சோம்பலாக எரிந்து, ஆற அமர அணைந்தது.

எமில் நின்ற இடத்திலேயே நின்றார்.

அறுவடைப் புழுதியில் யாரும் பின்னால் வந்து இடித்துவிடக் கூடாதென்று, மார்ச்சில் மூன்று விளக்கிலும் எல்இடி பல்பு போட்டவர் அவரேதான். அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் விளக்கில் பழைய கம்பி பல்பு ஒன்றாவது இருந்தால்தான் க்ரூஸ் வேலை செய்யும். இல்லாவிட்டால் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்து அது படுத்துக்கொள்ளும். அவருக்கும் தெரிந்த சங்கதிதான், சுத்தமாக மறந்துவிட்டார்.

அவள் மறக்கவில்லை. அவர் ஆர்விட் கொட்டகையில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் புது முட்டியோடு பிக்கப்பின் பின்தட்டில் ஏறி, கூரை வரை எட்டி, பழைய கம்பி பல்பை மாட்டியிருக்கிறாள். பிறகு கை கழுவிவிட்டு, அவர் ஹோஸோடு வருவதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

எமிலுக்கு முதலில் காது சுட்டது. அப்புறம் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. எப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

"ஹோஸ் நல்லா வேலை செய்யுது போலிருக்கே!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்விட் கத்தினார்.

"ஹோஸாவது மண்ணாங்கட்டியாவது! காரை எடுடா, காபிக்கடைக்குப் போகணும். எல்லாரும் எழுந்து போறதுக்குள்ள சொல்லியாகணும்."