முள் படுத்த பிறகு

மண்சரிவில் குறுக்குச் சாலை அடைபட்டதால், ஜெபராணி ஓட்டிய வாடகைக் கார் நாற்பது கிலோமீட்டர் சுற்றி மலையிறங்க வேண்டியதாயிற்று. பின் இருக்கையில் பவளத்துக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. பாதி வழியிலேயே பெட்ரோல் முள் படுத்துவிட்டது. இனி அடிவாரம்வரை பங்க் கிடையாது.

"கொஞ்சம் வேகமாப் போங்கம்மா," என்றான் பவளத்தின் கணவன் கதிரேசன்.

"வேகமாப் போனா நடுவழியில நின்னுருவோம்ணே. இப்படியே போனா சேர்ந்துருவோம்."

ஜெபராணி ஏசியை அணைத்தாள். இறக்கங்களில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியை உருள விட்டாள். வளைவுகளைத் தூரத்திலேயே கணித்து வேகம் தணித்ததால் பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை, குலுக்கலும் இல்லை. திட்ட வாயெடுத்த கதிரேசன், பவளம் சற்றே கண்ணயர்ந்திருப்பதைப் பார்த்தான். அதன்பின் ஜெபராணியின் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் பவளத்தை இறக்கியதும் எஞ்சின் இருமி அணைந்தது. பிரசவ அறைக் கதவு மூடியபின் கதிரேசன் வெளியே வந்தான். ஆம்புலன்ஸுக்கு வழிவிட, ஜெபராணி ஒற்றை ஆளாகக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளையும் வைத்தான்.

"உள்ள போங்கண்ணே, கூப்பிடுவாங்க."

அவன் தள்ளினான்.