மூடி மாறிய விளக்கு

அந்த அலுவலகச் சுவரில் இரண்டு விளக்குகள் இருந்தன. எழுதிய மென்பொருளில் பிழை இருந்தால் சிவப்பு மூடி போட்ட விளக்கு எரியும். இல்லையென்றால் பச்சை மூடி விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் எதையும் வெளியிடலாம்.

ஆம்புலன்ஸ் கூப்பிடும் செயலியை வெளியிடும் நாள் வந்தது. கேக், பலூன், முதலாளி எல்லாம் வந்தாயிற்று. சிவப்பு மட்டும் அணைய மாட்டேன் என்றது.

"எப்பவோ ஒரு தடவை வர்ற பிழைதான். நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்" என்ற டீம் லீட் மாதங்கி, நாற்காலி மேல் ஏறி இரண்டு மூடிகளையும் மாற்றிப் போட்டாள்.

அறையே கைதட்டியது!

"ஏய், பாத்தியா! என்னைப் பாத்துத்தான் தட்டறாங்க! இத்தனை நாள் என்னைப் பாத்தாலே மூஞ்சியைச் சுளிச்சாங்களே!" என்று துள்ளியது எரிந்த விளக்கு.

"பிழை இருக்குன்னு சொல்லத்தானே நீ எரியறே?" என்றது எரியாத விளக்கு.

"அட சும்மா இரு, செல்ஃபி எடுக்கறாங்க!"

கேக் வெட்டி முடிப்பதற்குள் போன் அலறியது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தும் வண்டி வரவில்லை என்று யாரோ கதறினார்.

விளக்குக்குப் பகீரென்றது. "பிழை இருக்கு! இங்கே பாருங்க!" என்று பலத்தையெல்லாம் திரட்டிப் பளீரென்று எரிந்தது.

மாதங்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க பக்கம் பச்சையாத்தான் இருக்கு சார்" என்றாள் நிம்மதியாக. "உங்க நெட்டைக் கொஞ்சம் பாருங்க."