முதுகைக் காட்டியவள்

ஆலமரத்துக் குரங்குக் கூட்டம் சோறு கிடைக்கிற கோயில் பக்கம் குடிபோய்விட்டது. செவத்தா என்கிற மந்தி மட்டும் பிறந்த கிளையை விட்டு நகரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். காலியான கிளைகளில் வெவ்வேறு காடுகளிலிருந்து முகம் தெரியாத மந்திகள் வந்து சேர்ந்தன. ஆளுக்கொரு கிளை, யாரும் யாரோடும் பேசுவதில்லை.

எல்லாம் சரி, முதுகுதான் பாடாய்ப் படுத்தியது. தன் முதுகில் பேன் பார்க்க எந்தக் குரங்குக்கும் கை எட்டாது. மரப்பட்டையில் தேய்த்துத் தேய்த்து செவத்தாவுக்கு முதுகெல்லாம் புண். தூக்கமும் போயிற்று, தீனியும் இறங்கவில்லை.

“அக்கா, வீம்பு பண்ணாம உன் ஆளுங்ககிட்டயே போயிடு. இங்க இருந்தா செத்துப்போவே” என்றது அடிக்கிளை அணில்.

“சாகவும் மாட்டேன், போகவும் மாட்டேன். நீ உன் வேலையைப் பாரு.”

சொன்ன வேகத்தில் எதிர்க்கிளைக்குத் தாவினாள். அங்கிருந்த புது மந்தி பல்லைக் காட்டிச் சீறினாள். செவத்தா அசரவில்லை. அவள் முன்னாலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“கடிக்கிறதுன்னா கடி. இல்லேன்னா பேன் பாரு.”

பிறகு ஒரு விரல் மெதுவாக முடியை விலக்கியது.

வெயில் சாய்ந்தபோது புது மந்தியும் திரும்பி உட்கார்ந்தாள். அவள் முதுகிலும் அதே மரப்பட்டைக் காயம்.

“ஆடாம உக்காரு” என்று அதட்டினாள் செவத்தா.