கதவைச் சாத்தும்மா

உறைந்த ஆற்றின் மேல் வண்டி ஓட்டத் தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான் என்பதில் சவேலிக்குச் சந்தேகமே கிடையாது. அந்த ஒருவன் தான்தான் என்பதிலும் கிடையாது.

ஏப்ரல் பிறந்துவிட்டால் உஸ்த்-சோய்மா ஊரில் எல்லோரும் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பார்கள். பனி உடைந்தால் குதித்துவிடலாம். சவேலி மட்டும் சாத்திக்கொண்டு போவான்.

அன்று அக்கரைக்குப் போக ஏறிய ரிம்மா, போர்வை சுற்றிய நீளமான மூட்டையைப் பின்னால் வைத்துவிட்டு, உட்கார்ந்ததுமே தன் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“கதவைச் சாத்தும்மா. ஹீட்டர் சூடெல்லாம் வெளிய போகுது.”

“பரவால்லண்ணே, எனக்குக் குளிர் பழக்கம்தான்.”

“பயந்தாங்கொள்ளி ஊரு! என்னைக் கேக்காம இந்த ஆறு உருகாது, தெரியுமா?”

“இந்த வருஷம் ஆறு கேட்டுச்சாண்ணே?”

சவேலி வாய்விட்டுச் சிரித்தான். வண்டி நடு ஆற்றுக்கு வந்திருந்தது.

“பின்னாடி என்ன, ஜன்னல் கண்ணாடியா?”

“அறிவிப்புப் பலகைண்ணே. ‘பாதை மூடப்பட்டது’ன்னு. காலையில எங்க சாலை ஆபீஸ்ல இருந்து வந்து பனியோட கனத்தை அளந்து பார்த்தோம், இனிமே அது வண்டியைத் தாங்காது. நம்ம கரையில இந்நேரம் நட்டிருப்பாங்க. அக்கரையிலயும் ஒண்ணு நடணுமில்ல?”

“உங்க ஆபீஸ் வண்டி என்னாச்சு?”

“டிரைவர் வரமாட்டேன்னுட்டாரு. நீங்கதான் பயப்படாத ஆளுன்னு ஊரே சொல்லிச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

சவேலி முன்னால் கிடந்த பனியை ஒருமுறை உற்றுப் பார்த்தான்.

“உள்ள ஒரே புழுக்கமா இருக்கு” என்று முணுமுணுத்தபடி, தன் பக்கக் கதவை மெல்லத் திறந்து வைத்தான் சவேலி.