பிடிக்காத கலர்

"எண்ணூறையும் திரும்ப அடிக்கணும்ணே. இந்தக் கலர் எனக்குப் பிடிக்கல."

மை துடைக்கிற துணியோடு தங்கச்சாமியின் கை அப்படியே நின்றது. சொன்னவள் மொதலாளி மகள் கீர்த்திகா. அடித்தது அவளுடைய கல்யாணப் பத்திரிகை. மூன்று வாரம் அச்சு மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சிவப்பு, ஒரு பொட்டு மஞ்சள் என்று அவர் உயிரை எடுத்து, அந்த மாதுளம்பூ நிறத்தைப் பிடித்தவளும் அவளேதான்.

"பாப்பா, நேத்து இதே கார்ட மோந்து பாத்துட்டு, அழகா இருக்குண்ணேன்னு சொன்னீக."

"நேத்துச் சொன்னேன். இன்னிக்குப் பிடிக்கல. இளம்பச்சையில போட்ருங்க."

"கவர்ல போட்டு அரக்கு முத்திரை வச்சு ஒட்டியாச்சே தாயி!" என்றாள் பைண்டிங் மாடத்தி. "எங்க வெரலெல்லாம் வெந்து கெடக்கு."

கீர்த்திகா தன் பென்சில் டப்பாவை மூடினாள். உள்ளே பதினெட்டுப் பேனா, பூனைப் படம் போட்ட டேப், அந்த அரக்கு முத்திரை. காலையில் ஒரு கவரில் முத்திரை கோணலாக விழுந்திருக்கிறதென்று பிரித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று எழுந்து வந்துதான் இப்படிச் சொன்னாள்.

சிவகாசியில் பேப்பரால் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். பேப்பரைக் கொஞ்சுகிறவள் இவள் ஒருத்திதான். கல்யாண வேலைக்கென்றே தடியாக ஒரு நோட்டு. சமையலுக்கு மஞ்சள் சீட்டு, ஜவுளிக்கு நீலம், மண்டபத்துக்கு ரோஸ்.

"மாப்பிள்ளைக்கு என்ன கலர் ஒட்டியிருக்கீக?" என்று மாடத்தி கேட்டாள்.

"அவருக்கு இன்னும் பக்கமே ஒதுக்கலக்கா."

பைண்டிங் முழுக்கச் சிரித்தது. தங்கச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. தீபாவளி சீசன், பட்டாசுப் பெட்டி ஆர்டர் கழுத்துவரை நின்றது. போன மாதம் அவர் அடித்த பெட்டி அட்டையில் நிறம் மாறி ஒரு லோடு அப்படியே திரும்பி வந்திருந்தது. "இன்னொரு தப்பு வந்துச்சு, மெஷின் பக்கமே வராத" என்று மொதலாளி சீனிவாசகம் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். தங்கச்சாமி இருபத்திரண்டு வருஷம் அந்த மெஷினோடு கிடந்தவர். வேறு வேலை தெரியாது.

சத்தம் கேட்டு சீனிவாசகமே வந்துவிட்டார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழம இருக்கன்குடியில அம்மன் காலடியில மொதப் பத்திரிக்கைய வைக்கணும். இப்பப் போயி கலரு மாத்தச் சொல்ற. கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்குப் பச்சைதான்பா வேணும்."

"இதுல என்ன கொறை? கொண்டா, பாப்போம்."

அவர் கை நீட்டியதும் கீர்த்திகா கையிலிருந்த கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி.

"கொறை ஒண்ணும் இல்ல. பிடிக்கல, அம்புட்டுத்தான். இது பூராத்தையும் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நோட்டுக்கு ஆகும்."

"எண்ணூறு கார்ட வச்சு நோட்டா? உன்னக் கட்டிக்கிறவன் பாவம்மா." சீனிவாசகம் தலையில் அடித்துக்கொண்டார். "தங்கச்சாமி, அவ கேட்டத அடிச்சுக் குடுத்துத் தொலைப்பா."

கவர்கள் அடுக்கிய நாலு பெட்டியும் காரில் ஏறின. ஒரு கவரைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

தங்கச்சாமி சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பச்சை மையைக் குழைத்தார். கழித்துப் போட்ட பட்டாசுப் பெட்டி அட்டைகளைத் திருப்பி வைத்து, வெறும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். மை சரியாக விழும்வரை கழிசலில்தான் ஓட்டுவார்கள். அப்புறம்தான் நல்ல அட்டை. எல்லா அச்சாபீஸிலும் இதுதான் வழக்கம்.

"நமக்கு ஒரு தப்பு வந்தா வேலையே போகுது" என்றார். "இவுகளுக்குப் பிடிக்கலன்னா எண்ணூறு கார்டு போகுது."

"பேப்பரையே பாத்து வளந்த கண்ணு. அதுக்கு மனுசரத் தெரியுமாண்ணே?" என்றாள் மாடத்தி.

வெள்ளிக்கிழமை பச்சைப் பத்திரிகை இருக்கன்குடிக்குப் போனது. திங்கட்கிழமை கீர்த்திகா ஒரு கூடையோடு வந்தாள். ஒவ்வொரு கவரிலும் ஆள் பெயரை ஊதா மையில் தன் கையாலேயே எழுதியிருந்தாள். மாடத்திக்குத் தன் பெயரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். தங்கச்சாமியின் கவர் மட்டும் கூடைக்கு அடியில் இருந்தது.

"வீட்டுக்குப் போயிப் பிரிங்கண்ணே. குடும்பத்தோட வந்துரணும்."

"வாரேன் பாப்பா" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பொழுது போகாமல் முத்திரையை உடைத்தார். பச்சை இல்லை. மாதுளம்பூ நிறம். பழைய கார்டு.

ஆளுக்குத் தகுந்த கார்டு போல என்று நினைத்தார். மிச்சத்தைத் தள்ளிவிட்டிருக்கிறாள். வெறுப்போடு திருப்பினார்.

கார்டின் முதுகில் புஸ்வாணம் பொரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, 'பற்ற வைத்தவுடன் தள்ளி நிற்கவும்.'

மை பார்க்க அவர் ஓட்டிய கழிசல் அட்டை. நல்ல அட்டையோடு கலந்து, வெட்டி, கவருக்குள்ளும் போயிருக்கிறது. தங்கச்சாமி கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஓரத்தில் ஊதா மையில் பொடி எழுத்து இருந்தது.

'எண்ணூறு கவரையும் பிரிச்சுப் பாத்துட்டேண்ணே. இந்த மாதிரி மொத்தம் பதினொண்ணு. பத்தை முதுகு தெரியாம என் நோட்டுல ஒட்டிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. இது உங்களுக்கு.

பச்சைதான் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல.'