காத்திருப்பு நேரம்

"எட்டு நாட்டுல நாமதான் கடைசி. யாரால தெரியுமா? உன்னாலதான்!"

தலைநகரிலிருந்து இரண்டு நாள் படகில் வந்து, அந்தச் சின்னத் தீவின் மருத்துவ நிலையத்துக்குள் நுழைந்த சுகாதார அதிகாரி தமுவேரா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டார்.

"மௌரி, ஐயா" என்று வணக்கம் சொல்லி நர்ஸ் தெபோரா இளநீரை நீட்டினாள்.

"அதை அப்படி வை. எந்த நாட்டுல வைத்தியம் சுறுசுறுப்பா நடக்குதுன்னு பட்டியல் போட்டிருக்காங்க. அதுல 'காத்திருப்பு நேரம்'னு ஒரு கட்டம். முதல் நாடு பதினோரு நிமிஷம். நீ என்ன எழுதி அனுப்பினே?"

"அஞ்சு மணி நேரம்யா."

"எப்படிச் சொல்றா பாரு, கூசாம!"

"சில நாள் ஏழுகூட ஆகும். கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதினேன்."

தமுவேரா வெளியே எட்டிப் பார்த்தார். நோயாளிகள் உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தது.

"காத்துக் காத்து வெறுத்துப்போய் ஒருத்தரும் வரலை போலிருக்கு!"

தெபோரா இளநீரை மேசைமேல் வைத்தாள்.

"இந்த மருத்துவ நிலையத்தை மூடிட்டு, சனங்களைப் பெரிய தீவுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவள் முகம் வெளுத்தது.

"பெரிய தீவுக்கா? பிள்ளைத்தாச்சிங்க எப்படிய்யா அவ்வளவு தூரம் போவாங்க?"

"இந்த அக்கறை வேலையில இருந்திருக்கணும்."

அவர் காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். தெபோரா காயல் பக்கம் பார்த்தாள். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ எங்கே கிளம்பறே?"

"கரைக்குய்யா. காயல்ல தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சு, இனிமேதான் தோணி வர முடியும். அக்கரையிலேருந்து பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு வருது. எப்போ வந்து சேரும்னு சொல்ல முடியாது. அதான் முன்னாடியே போய் உட்கார்ந்துடுவேன். வந்ததும் தோணியிலேயே பார்த்துடலாம்."

தமுவேராவின் பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது.

"அப்போ... அந்த அஞ்சு மணி நேரம்?"

"நான் காத்திருக்கிற நேரம்யா. கட்டத்துல அதைத்தானே கேட்டிருந்தீங்க?"

"நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு கேட்டோம்மா!"

தெபோராவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"அவங்க எதுக்குய்யா காத்திருக்கணும்? உடம்பு முடியாதவங்களாச்சே!"