நிலா கடித்த உதடு

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உதடு பிளந்து பிறந்திருக்கா?”

நர்ஸ் கேட்டு முடிக்கவில்லை, எர்மினியாவின் நாத்தனார் கசில்டா முந்திக்கொண்டாள்.

“எங்க வம்சத்துலயா? ஒருத்தருக்கும் கிடையாது! இவதான் புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு, கிரகணத்தன்னிக்கு ஊக்கு மாட்ட மறந்துட்டா. நிலா கடிச்சிருச்சு.”

இலவச ஆபரேஷன் முகாமுக்கு வந்திருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் எர்மினியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு வருஷமாகக் குனிந்த தலைதான்.

வஹாகா மலைப்பக்கத்தில் கிரகணம் என்றால், வயிற்றுப் பிள்ளையை நிலா கடிக்காதிருக்க, கர்ப்பிணிகள் அடிவயிற்றுக்கு நேராகப் பாவாடையில் ஊக்கு குத்திக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். எர்மினியாவும் குத்தியிருந்தாள். அன்றைக்குப் பார்த்துப் பாவாடை நனைந்துவிட்டது என்று மாற்றிக் கட்டினாள். ஊக்கு ஈரப் பாவாடையோடு கொடியில் தொங்கியது. அந்த ஒரு ராத்திரிக்காக ஞாயிறு தவறாமல் மாதாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

“நயேலி! உள்ளே வாம்மா” என்று கூப்பிட்டாள் நர்ஸ்.

எர்மினியாவின் ஆறு வயது மகள் நயேலி பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நான் வரமாட்டேன்! தைச்சா தழும்பு வருமாம். வாய் ஒரு பக்கமா இழுத்துக்குமாம். ஸ்கூல்ல இன்னும் சிரிப்பாங்க.”

“யாருடி சொன்னது?” என்றாள் எர்மினியா.

“அத்தை.”

“பின்னே என்ன?” என்றாள் கசில்டா. “நிலா கடிச்சதை ஊசி நூலை வச்சுத் தைக்க முடியுமா? வாங்க, வீட்டுக்குப் போலாம். முதல்லேருந்தே வேண்டாம்னுதான் சொல்றேன்.”

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் டாக்டருங்க கிளம்பிடுவாங்க. குழந்தை வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அப்புறம் எப்ப வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாது.”

எர்மினியா கெஞ்சினாள், கொஞ்சினாள், கடைசியில் அதட்டியும் பார்த்தாள். நயேலி அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து எர்மினியாவின் கணவன் ஃபிடென்சியோ எழுந்தான். விடுவிடுவென்று தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

“ஆம்பளை மனசு. புள்ள அழுறதைப் பார்க்கத் தாங்குமா?” என்றாள் கசில்டா.

“எதிர்ல சாராயக்கடை இருக்குல்ல, அங்கே போனாத் தாங்கும்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். நாலு பேர் சிரித்தார்கள்.

எர்மினியா வாசலைப் பார்த்தாள். இந்த நேரத்தில்கூடவா?

நர்ஸ் அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட வாயெடுத்தபோது, வாசலில் ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான். எர்மினியாவுக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

மீசையைக் காணோம்!

கல்யாணத்தன்றுகூட அந்தக் கெட்டி மீசை இல்லாமல் அவள் அவனைப் பார்த்ததில்லை. உதட்டுக்கு மேல் சவரக்கத்தி பட்டு ரத்தம் கசிந்தது.

முதலில் அலறியது கசில்டாதான். “அடப்பாவி! மீசைய ஏன்டா எடுத்தே? எந்தக் காலத்துலயும் எடுக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்ல?”

அவன் அக்காவைக் கண்டுகொள்ளவில்லை. மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் விரலைப் பிடித்துத் தன் மேலுதட்டில் வைத்தான்.

“தொட்டுப் பாரு கண்ணு. அப்பாவுக்கும் தழும்புதான். இத்தனை நாள் உனக்குத் தெரிஞ்சுதா? என் வாய் என்ன இழுத்துக்கிட்டா இருக்கு? விசில்கூட அடிப்பேன், பாரு.”

அடித்தும் காட்டினான்.

நயேலி அந்தத் தழும்பை மேலிருந்து கீழே தடவினாள். “உன்னையும் நிலா கடிச்சுதாப்பா?”

“இல்லடா. கைக்குழந்தையா இருந்தப்ப கழுதை உதைச்சிருச்சு. அத்தைதான் தூக்கிட்டு ஓடித் தையல் போட்டுக் கொண்டாந்தா.”

“கழுதையா!” நயேலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெஞ்சைப் பிடித்திருந்த கை தானாக விட்டுப்போயிற்று.

குழந்தை ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்த பெண் டாக்டர் ஒல்வேரா, கழுதைக் கதையைக் கேட்டு, ஃபிடென்சியோவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து, அவன் மோவாயை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“எந்தக் கழுதை உதைச்சுது?”

“ஏன் டாக்டர்?”

“உதைபட்ட காயம் இப்படி இருக்காது. இது பிறவிப் பிளவு. குழந்தையிலேயே யாரோ நல்லாத் தைச்சிருக்காங்க. மூக்கு ஓரம் அமுங்கியிருக்கு பாருங்க, மகளுக்கு இருக்கிற அதே இடது பக்கம். சில குடும்பங்கள்ல இது வழிவழியா வரும். ஏன் இதை முன்னாடியே சொல்லலை?”

சிரித்த பெண்கள் இப்போது கசில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபிடென்சியோ மெல்லத் திரும்பினான். “அக்கா?”

கசில்டா ஓரடி பின்வாங்கினாள். “அம்மா சாகும்போது சத்தியம் வாங்கிருச்சுடா... வெளியில தெரிஞ்சா உனக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு...”

நயேலி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

ஆறு வருஷம்! தெரிந்தே, ஒவ்வொரு நாளும், ஊர் கேட்க!

எர்மினியா தலையை நிமிர்த்தினாள். நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

“உங்க அம்மா எந்தக் கிரகணத்துல ஊக்கு மாட்ட மறந்தாங்க, அண்ணி?”